உள்ளே இழுக்காத புகையும் உடலுக்குள் போகிறது
நெடுங்காலப் பைப் பழக்கம் பற்றிய ஒரு விளக்கம்

சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலின் பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவில் நிற்கும். ஒன்று அவர் அணிந்த புஷ் ஜாக்கெட். மற்றொன்று கையிலோ வாயிலோ இருக்கும் பைப். அவர் 1955 முதல் 1956 வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் பைப் என்பது படித்தவரின் அடையாளமாக இருந்தது. வழக்கறிஞர், பேராசிரியர், ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எனப் பைப்பும் கையுமாக நின்றவர்களை ஊர் மரியாதையோடு பார்த்தது. சிகரெட் பிடிப்பவர் அவசரக்காரர், பைப் பிடிப்பவர் நிதானமானவர் என்று ஓர் எண்ணம். கதைப் புத்தகத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ், கேலிச் சித்திரத்தில் பொப்பாய் என்று சிறுபிள்ளைகள் மனத்திலும் பைப் நல்ல பெயரோடுதான் புகுந்தது.

மார்ஷல் 1995 டிசம்பரில் தமது 87-ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். தனி ஒருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. 87 வயது குறைந்த ஆயுளும் அல்ல. பைப்புக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உடனே பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை எடுத்துக்காட்டுவார்கள். வாழ்நாள் முழுதும் பைப் பிடித்த அந்தத் தத்துவஞானி 1970-இல் மறைந்தபோது அவருக்கு வயது 97. 1948-இல் நார்வேயில் நேர்ந்த விமான விபத்தில், புகைபிடிப்போர் பகுதியில் உட்கார்ந்திருந்ததால் அவர் உயிர் தப்பினார் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

தனி மனிதர்களின் கதையை வைத்து இரு தரப்பும் இரவு முழுக்க வாதாடலாம். ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்து எடுத்த கணக்கு என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

பைப்புக்கு நல்ல பெயர் வந்த விதம்

பைப்புக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பைப் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று அதிகம் காணப்படுகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதியிருக்கிறார். சிகரெட் பரவலாவதற்கு முந்திய காலம் அது. மக்கள் களிமண் பைப்பைப் பயன்படுத்தினார்கள். அதன் சூடான தண்டு நாள்தோறும் உதட்டின் ஒரே இடத்தில் படியும்.

இப்படித் தெரிந்த ஒன்று பின்னர் எப்படி மறந்துபோனது? அதற்கு 1964-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வெளியிட்ட அறிக்கை ஒரு காரணம். சிகரெட் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று உலகுக்கு உரக்கச் சொன்ன அறிக்கை அதுதான். அதே அறிக்கை பைப் பிடிப்பவர்களைப் பற்றியும் பேசியது. அவர்களுடைய மரண விகிதம், புகைபிடிக்காதவர்களின் விகிதத்தைவிடப் பெரிதாக உயர்ந்திருக்கவில்லை என்று அது குறிப்பிட்டது. நாளொன்றுக்கு 10 முறைக்கு மேல், 30 ஆண்டுகளுக்கு மேல் பைப் பிடித்தவர்களையும் சேர்த்தே அவ்வாறு சொன்னது.

இந்த வாக்கியம் பலருக்கு நிம்மதி தந்தது. உதட்டுப் புற்றுநோய்க்குப் பைப் காரணம் என்று அதே அறிக்கை உறுதியாகச் சொன்னதை அவர்கள் படிக்கவில்லை. படித்திருந்தாலும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் சிகரெட் விற்பனை சரிந்தது. சுருட்டும் பைப் புகையிலையும் கூடுதலாக விற்றன. “டாக்டர்களே பைப் பரவாயில்லை என்கிறார்கள்” என்ற பேச்சு அங்கிருந்து உலகெங்கும் போனது. நம் பக்கத்தில் இன்றும் வயதானவர்கள் சிலர் அதைச் சொல்லக் கேட்கலாம்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. அன்று கையில் இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில ஆண்டுகள் மட்டுமே மக்களைக் கண்காணித்தவை. சிகரெட்டின் கேடு மலைபோல் இருந்ததால், பக்கத்தில் இருந்த குன்று கண்ணுக்குத் தெரியவில்லை.

138,307 ஆண்களின் கணக்கு

குன்றின் உயரத்தை அளக்க 40 ஆண்டுகள் ஆயின. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. அதில் சேர்ந்த 138,307 ஆண்களின் விவரங்களைக் கொண்டு, 18 ஆண்டுகால மரணங்களைக் கணக்கிட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் 15,263 பேர் பைப் மட்டுமே பிடிப்பவர்கள் அல்லது முன்பு பிடித்தவர்கள். சிகரெட்டையோ சுருட்டையோ தொட்டவர்கள் இதில் இல்லை. ஆகவே “அது சிகரெட்டால் வந்தது” என்று தட்டிக்கழிக்க இங்கே இடமில்லை. புகையிலையையே தொடாதவர்களோடு இவர்கள் ஒப்பிடப்பட்டார்கள்.

பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் 5 மடங்காக இருந்தது. குரல்வளைப் புற்றுநோயில் அது 13 மடங்கு. வாய், தொண்டைப் புற்றுநோயில் ஏறக்குறைய 4 மடங்கு. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கணையம், பெருங்குடல் ஆகியவற்றிலும் அபாயம் கூடியிருந்தது. மூச்சுக்குழாய் அடைபட்டு நாளாக நாளாக மூச்சுவிடச் சிரமப்படும் நாட்பட்ட நுரையீரல் நோயால் இறக்கும் அபாயம் 3 மடங்கு. இதய நோயில் 30 விழுக்காடும் பக்கவாதத்தில் 27 விழுக்காடும் கூடுதல்.

இந்த எண்களைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். 13 மடங்கு என்றதும் குரல்வளைதான் பெரிய ஆபத்து என்று தோன்றும். ஆனால் புகைபிடிக்காதவர்களுக்குக் குரல்வளைப் புற்றுநோய் மிக அரிதாகவே வரும். மிகச் சிறிய எண்ணை 13 ஆல் பெருக்கினாலும் விடை பெரிதாகிவிடாது. இதய நோயின் கதை வேறு. புகைபிடிக்காதவர்களிடையேகூட அது பலரைப் பலிவாங்குகிறது. அத்தகைய பெரிய எண்ணோடு 30 விழுக்காட்டைச் சேர்த்தால் வந்து விழும் மரணங்கள் கொஞ்சமல்ல. நீரிழிவும் இதய நோயும் அதிகமுள்ள நம் இந்தியர் குடும்பங்களில், 13 மடங்கைவிட இந்த 30 விழுக்காடே கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய எண்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நாளொன்றுக்குப் பிடிக்கும் பைப்புகளின் எண்ணிக்கை கூடக் கூட, பழக்கத்தின் ஆண்டுகள் கூடக் கூட, புகையை ஆழமாக இழுக்க இழுக்க, அபாயமும் பொதுவாகக் கூடிக்கொண்டே போனது. பழக்கத்தை விட்ட ஆண்டுகள் கூடக் கூட அது குறைந்தது. பொதுவாகப் பைப்பின் கேடு சிகரெட்டின் கேட்டைவிடக் குறைவு என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. சுருட்டோடு ஒப்பிட்டால் பைப் அதற்குச் சமம், அல்லது ஒரு படி மேல். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. பைப், சுருட்டுப் பழக்கம் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதுவும் முடிவு செய்திருக்கிறது.

சுண்ணாம்பு சொல்லும் பாடம்

“புகையை நெஞ்சுக்குள் இழுப்பதே இல்லை, வாயில் வைத்து வெளியே விடுகிறோம். அப்புறம் எப்படி உடம்புக்குள் போகும்?” பைப் பிடிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதிலை வெற்றிலைத் தட்டில் தேடலாம்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் சுண்ணாம்பு தடவாமல் போடுவதில்லை. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அது சேர்ந்தால்தான் புகையிலை “ஏறும்” என்பார்கள். இதன் பின்னால் இருக்கும் வேதியியல் எளிது. காரத்தன்மையுள்ள சூழலில் நிக்கோட்டின் வாயின் உள்தோலை எளிதாகக் கடந்து இரத்தத்தில் கலந்துவிடும். அமிலத்தன்மையில் அவ்வளவு எளிதாகக் கடக்காது.

சிகரெட்டின் புகை பொதுவாகச் சற்று அமிலத்தன்மை உடையது. ஆகவே நிக்கோட்டின் கிடைக்க அதை நுரையீரல்வரை இழுத்தாக வேண்டும். பைப்பிலும் சுருட்டிலும் பயன்படும் பல புகையிலைகள், குறிப்பாகக் காற்றில் உலர்த்திய வகைகள், காரத்தன்மையுள்ள புகையைத் தருகின்றன. அந்தப் புகை வாயில் தங்கினாலே போதும். நிக்கோட்டின் இரத்தத்துக்குப் போய்விடும். பைப் பிடிப்பவர் நெஞ்சுக்குள் இழுக்காமல் இருப்பது அவருடைய கட்டுப்பாட்டினால் அன்று. இழுக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை, அவ்வளவுதான். காரப் புகை தொண்டையில் கரிக்கும் என்பதும் ஒரு காரணம்.

நிக்கோட்டினோடு மற்றவையும் வாயிலேயே தங்குகின்றன. புகையில் உள்ள தார் உமிழ்நீரில் கரைகிறது, அந்த உமிழ்நீர் விழுங்கப்படுகிறது. உணவுக்குழாய் கணக்கில் வந்து சேர்வதற்கு இது ஒரு வழி. நுரையீரலும் தப்புவதில்லை. பைப் பிடிப்பவர் ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கிண்ணத்திலிருந்து எழும் புகை சூழ்ந்த அதே காற்றைத்தான் அவர் சுவாசிக்கிறார். மனைவியும் பேரப்பிள்ளைகளும் அதையேதான் சுவாசிக்கிறார்கள். வெனிலா, செர்ரி வாசனை சேர்த்த புகையிலை என்றால் “நல்ல மணமாக இருக்கிறதே” என்று வீட்டார் சும்மா இருந்துவிடுவதும் உண்டு. மணத்தால் புகையின் குணம் மாறாது.

அமெரிக்காவில் 3,528 பேரைச் சோதித்த வேறோர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நிக்கோட்டின் உடலுக்குள் சென்றதற்கான தடயத்தைச் சிறுநீரில் தேடினார்கள்; நுரையீரலின் வேகத்தையும் அளந்தார்கள். பைப், சுருட்டுப் பிடிப்பவர்களின் சிறுநீரில் அந்தத் தடயம் தெளிவாக இருந்தது. சிகரெட்டே பிடிக்காமல் பைப்போ சுருட்டோ பிடித்தவர்களுக்கு மூச்சுக்குழாய் அடைப்பு இருக்கும் வாய்ப்பு, எதுவுமே பிடிக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்குமேல் இருந்தது. “உள்ளே போகவில்லை” என்ற வாதம் அத்தோடு முடிகிறது.

“காகிதம் இல்லை, இயற்கையான இலை” என்ற பேச்சும் உண்டு. எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். புகையிலையைப் பதப்படுத்தும்போதே அதில் உண்டாகும் நைட்ரோசமைன் என்னும் புற்றுநோய்ப் பொருள்களுக்குக் காகிதம் தேவையில்லை.

வாய்க்குள் தெரியும் அடையாளங்கள்

பைப் பழக்கத்தின் வரலாறு முதலில் எழுதப்படுவது மேலண்ணத்தில். பல ஆண்டுகள் பைப் பிடித்தவரின் மேலண்ணம் சாம்பல் கலந்த வெண்மையாகத் தடித்துப்போகும். அதன்மேல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை வீங்கிய உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள். முக்கியமாகச் சூட்டினால் வரும் மாற்றம் இது. பார்க்கப் பயமாக இருந்தாலும், பொதுவாக இது புற்றுநோயாக மாறுவதில்லை. பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் மறையத் தொடங்கிவிடும். பைப்பை விட்டவருக்குக் கண்ணாடியிலேயே பலன் தெரியும் இடம் இது.

நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ வாயின் அடித்தளத்திலோ சுரண்டினாலும் போகாத வெண்படலம் வந்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. அது சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். சிவந்த படலம் இன்னும் கவலைக்குரியது. இரண்டு, மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், மூன்று வாரங்களுக்குமேல் நீடிக்கும் குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி ஆகிய எதுவானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இல்லையே என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

பற்களும் பாதிக்கப்படுகின்றன. தண்டை ஒரே இடத்தில் கடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பற்கள் தேய்கின்றன. லண்டனின் பழைய கல்லறைகளில் கிடைத்த எலும்புக்கூடுகளில், களிமண் பைப் தேய்த்த வட்டமான பள்ளங்களை முன்பற்களில் பார்த்தே அவர் பைப் பிடித்தவர் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். இக்கால பிரையர் மரப் பைப்பில் தேய்வு அவ்வளவு இருக்காது. ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதும் பற்கள் விழுவதும் பைப் பிடிப்பவர்களிடம் அதிகம்.

மதுவையும் இங்கே சொல்லியாக வேண்டும். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோயின் அபாயம் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது. மாலையில் ஒரு கையில் பைப், மறு கையில் விஸ்கி என்பது படத்தில் அழகாக இருக்கலாம். தொண்டைக்கு அதைவிட மோசமான சேர்க்கை குறைவு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த உண்மை. வெற்றிலை பாக்குப் பழக்கமே அதற்கு முக்கியக் காரணம். வெற்றிலையும் போட்டுப் பைப்பும் பிடிக்கும் முதியவரின் வாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சிகரெட்டிலிருந்து பைப்புக்கு மாறியவர்கள்

பைப் பிடிப்பவர்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள் இவர்கள்தாம். நெஞ்சு வலி வந்து, மருத்துவர் கண்டித்து, சிகரெட்டை விட மனமில்லாமல் பைப்புக்கு வந்தவர்கள். இருபது முப்பது ஆண்டுகள் சிகரெட் புகையை நெஞ்சுக்குள் இழுத்துப் பழகியவர் பைப்பையும் அப்படியேதான் இழுப்பார். பழக்கப்பட்ட மூச்சு எளிதில் மாறுவதில்லை.

பிரிட்டனில் 21,520 ஆண்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. 20 ஆண்டுகளுக்கு முன்பே சிகரெட்டிலிருந்து பைப்புக்கோ சுருட்டுக்கோ மாறியவர்கள், தொடக்கத்திலிருந்தே பைப் மட்டும் பிடித்தவர்களின் அதே அளவு புகையிலையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர்களுடைய இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக இருந்தது. அதாவது, அவர்கள் உள்ளே இழுத்தார்கள். புகைப்பழக்கத்தோடு தொடர்புள்ள நோய்களால் இறக்கும் அபாயம், சிகரெட்டைத் தொடர்ந்தவர்களைவிட அவர்களுக்கு 46 விழுக்காடு குறைவு. என்றுமே புகைபிடிக்காதவர்களைவிட 68 விழுக்காடு அதிகம். அதே காலத்தில் சிகரெட்டை அடியோடு விட்டவர்களோடு ஒப்பிட்டாலும் 57 விழுக்காடு அதிகம். மாறியதால் பாதி வழி வந்தார்கள், அங்கேயே நின்றுவிட்டார்கள்.

விடும்போது

பைப்பை விடுவது சிலருக்குச் சிகரெட்டை விடுவதைவிட எளிது, சிலருக்குக் கடினம். நிக்கோட்டின் ஏக்கம் ஒரு பகுதிதான். புகையிலையை அடைத்து, அழுத்தி, பற்றவைத்து, அணைந்தால் மறுபடியும் பற்றவைத்து, சாம்பலைத் தட்டி, கம்பி விட்டுத் துடைத்து என்று கைக்கு அரை மணி நேர வேலை அதில் இருக்கிறது. ஓய்வுபெற்றவருக்கு அந்த அரை மணி நேரம் போனால் மாலைப் பொழுதே காலியாகத் தோன்றும். ஆகவே கைக்கும் வாய்க்கும் வேறு வேலை தேடாமல் பைப்பை மட்டும் பிடுங்கி வைப்பது பலிக்காது. வீட்டார் இதைப் புரிந்துகொண்டால் சண்டை குறையும்.

மின்சிகரெட்டுக்கு மாறலாமே என்ற யோசனை சிங்கப்பூரில் சட்டப்படி செல்லாது. அங்கே அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். ஷீஷா 2016 ஆகஸ்டோடு அங்கே முற்றாக நின்றுவிட்டது. மலேசியாவில் 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த பொதுச் சுகாதாரச் சட்டம், சிகரெட்டை மட்டுமன்றிப் புகைக்கும் பொருள்கள் அனைத்தையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. பைப்புக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. நிக்கோட்டின் ஒட்டு, நிக்கோட்டின் மெல்லும் பசை ஆகியவை மருந்தகத்தில் கிடைக்கும். புகைப்பழக்கத்தை விட உதவும் ஆலோசனைகள் இரு நாடுகளின் பொது மருத்துவச் சேவைகளிலும் உள்ளன.

அங்கே ஒரு சிறு சிக்கல் வரும். மருந்தகத்திலும் மருந்தகத்துக்கு வெளியே மருத்துவரிடமும் நிரப்பும் படிவங்கள் பெரும்பாலும் “நாளொன்றுக்கு எத்தனை சிகரெட்?” என்றே கேட்கும். பைப் பிடிப்பவர் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் “இல்லை” என்று எழுதிவிடுவார். மருத்துவரும் புகைபிடிக்காதவர் என்று நினைத்து மேலே போய்விடுவார். நிக்கோட்டின் ஒட்டின் அளவும் சிகரெட் எண்ணிக்கையை வைத்தே பொதுவாக நிர்ணயிக்கப்படுகிறது. அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் மகனோ மகளோ மூன்று விவரங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது: நாளொன்றுக்கு எத்தனை பைப், எத்தனை ஆண்டுகளாக, அதற்கு முன்பு சிகரெட் பிடித்ததுண்டா. மூன்றாவது கேள்விக்கு அப்பா சொல்லும் பதிலை அம்மாவிடமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.